சான்றிதழ் சேர்ந்தது, திறன் சேர்ந்ததா?

இரவு எட்டரை மணி. சமையலறை மேடையில் சாய்த்து வைக்கப்பட்ட கைப்பேசியில் ஒரு கல்வியாளர் பேசிக்கொண்டிருக்கிறார். ஒலி முழுவதுமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அடுப்பில் இருப்பதைக் கிளறிவிட்டு வரும் ஆசிரியை, காணொலி முடிந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்து 'அடுத்து' என்ற பொத்தானைத் தொடுகிறார். இறுதியில் வரப்போகும் வினாக்களுக்கான விடைகள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மாலையே வந்துவிட்டன. பத்து நிமிடத்தில் தேர்வு முடிகிறது. பதிவிறக்கிய சான்றிதழின் நகல் தலைமையாசிரியருக்குப் போகிறது. வட்டாரத்தின் 'நூறு விழுக்காடு நிறைவு' என்ற கணக்கில் இன்னோர் எண் கூடுகிறது.

அந்த ஆசிரியையைக் குறை கூறுவது எளிது. ஆனால், பகல் முழுவதும் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தி, இடையிடையே வருகைப் பதிவையும் நலத்திட்ட விவரங்களையும் செயலியில் ஏற்றிவிட்டு வீடு திரும்பியவர் அவர். கைப்பேசி அவருடையது, இணையக் கட்டணமும் நேரமும் அவருடையவையே. பயிற்சி அவரிடம் கேட்பதோ ஒரு சான்றிதழை மட்டும். கேட்டதை அவர் கொடுத்துவிடுகிறார். சரியானதைத்தான் கேட்டோமா என்பதை, கேட்டவர்கள் யோசிக்க வேண்டும்.

'தீக்ஷா' என்னும் தேசிய இணையத்தளம் 2017-ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. 'நிஷ்தா' என்னும் ஆசிரியர் பயிற்சித் திட்டம் 2019 ஆகஸ்டில், தொடக்கநிலை வகுப்புகளைக் கையாளும் ஏறத்தாழ 42 லட்சம் பேரை இலக்காகக் கொண்டு நேரடிப் பயிற்சியாகவே அறிமுகமானது. கரோனா பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, 2020 அக்டோபரில் அது 18 இணையவழிப் பாடங்களாக உருமாறி தீக்ஷாவில் ஏறியது. பின்னர் இடைநிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கென 13 பாடங்களும், அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கென 12 பாடங்களும் வந்தன. ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொடர் பயிற்சி பெற வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. அக்கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டிலும் பயிற்சிகளுக்குக் குறைவில்லை.

இந்த மாற்றத்தால் கிடைத்த நன்மையை மறுக்க முடியாது. முன்பெல்லாம் பயிற்சி என்பது அருவிபோல மேலிருந்து கீழே இறங்கும். மாநில அளவில் ஐந்து நாள் கற்றவர், மாவட்டத்தில் மூன்று நாளில் சொல்லிக் கொடுப்பார்; அங்கே கற்றவர் வட்டார வள மையத்தில் ஒரே நாளில் முடிப்பார்; பள்ளி ஆசிரியரை வந்தடையும்போது ஒரு நகல் தாளும் ஒரு தேநீரும்தான் மிஞ்சும். இணையவழிப் பாடத்தில் வால்பாறையில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் ஒரே விளக்கம், ஒரே ஆசிரியரின் வாயிலிருந்து நேரடியாகக் கிடைக்கிறது. நாட்டில் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை 2024-25 கல்வியாண்டில் ஒரு கோடியைத் தாண்டியிருக்கும் நிலையில், இவ்வளவு பேரைச் சென்றடைய வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. உட்கார்ந்து கேட்டால் பயன்தரக்கூடிய பாடங்களும் அவற்றில் பல உண்டு.

ஆனால், சென்றடைவது வேறு, சேர்வது வேறு. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் 2012 முதல் 2018 வரை நடத்திய திறந்தநிலை இணையப் பாடங்களை ஆராய்ந்த ஜஸ்டின் ரைக்கும் அவருடைய சக ஆய்வாளரும் 2019-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெயர் பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-இல் பாடத்தை முடித்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர். உலகின் தலைசிறந்த பேராசிரியர்கள் இலவசமாகக் கற்பித்த பாடங்களின் கதை இது. நம் ஆசிரியர் பயிற்சிகளிலோ நிறைவு விழுக்காடு நூறைத் தொடுகிறது. விருப்பத்தின்பேரில் மூன்று, உத்தரவின்பேரில் நூறு! இந்த இரண்டு எண்களிலிருந்தும் யார் என்ன கற்றார் என்பதை அறிய முடியாது. முதலாவது, தனியாகக் கற்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, சுற்றறிக்கைக்கு இருக்கும் வலிமையைக் காட்டுகிறது.

நிஷ்தாவில் இறுதி மதிப்பீடு பலவுள் தெரிவு வினாக்களால் ஆனது. 70 விழுக்காடு பெற்றால் சான்றிதழ். தவறினால் மீண்டும் எழுதலாம். கணினி தானே திருத்திவிடும் என்பதால் கோடிப் பேருக்கும் இது நடைமுறைக்கு உகந்தது. அந்த வசதியே அதன் குறையும்கூட. ஒரே வினாத்தொகுப்பு நாடு முழுவதும் சுற்றும்போது விடைகளும் சுற்றத்தான் செய்யும். யூடியூபில் அந்தந்தப் பாடத்தின் பெயரைத் தட்டினால் விடைக் காணொலிகள் வரிசைகட்டி நிற்கும். அந்தப் 18 பாடங்களுள் ஒன்று, கற்பித்தலில் தகவல் தொழில்நுட்பத்தை இணைப்பது பற்றியது. அதற்கும் விடைக் காணொலி உண்டு. ஒரு வகையில் பார்த்தால், தேவையானதைத் தேடி எடுக்கும் எண்மத் திறனை நம் ஆசிரியர்கள் அங்கேயே நிரூபித்துவிட்டார்கள்.

டிஜிட்டல் திறன் என்று பரவலாகச் சொல்லப்படும் இந்த எண்மத் திறன் என்பதுதான் என்ன? 1986-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் ஓர் எளிய உண்மையை எடுத்துரைத்தார். பாட அறிவு ஒன்று. கற்பிக்கும் முறை பற்றிய அறிவு மற்றொன்று. ஆனால், இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் மாணவர் எங்கே தடுமாறுவார், அதை எப்படிச் சொன்னால் விளங்கும் என்கிற அறிவு இவ்விரண்டும் கலந்த தனி அறிவு என்றார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புண்ய மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் இதனுடன் தொழில்நுட்ப அறிவையும் சேர்த்தனர். கருவியை இயக்கத் தெரிந்திருப்பது மட்டும் ஆசிரியரின் எண்மத் திறன் ஆகாது என்பது அவர்களது வாதம். எந்தப் பாடத்தின் எந்த முடிச்சை அவிழ்க்க எந்தக் கருவி உதவும் என்று முடிவு செய்யத் தெரிய வேண்டும். எந்த இடத்தில் கரும்பலகையே போதும் என்பதும் தெரிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மின்சுற்றுப் பாடத்தில் பெரும்பாலான மாணவர்கள், முதல் விளக்கு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் 'தின்றுவிடும்', அடுத்த விளக்குக்குக் குறைவாகவே போகும் என்று நம்புகிறார்கள். எத்தனை முறை வரையறையை ஒப்பித்தாலும் இந்த நம்பிக்கை போகாது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய 'ஃபெட்' என்ற இலவசத் தளத்தில், மின்சுற்றுகளைத் திரையிலேயே கட்டிப் பார்க்கலாம். ஒரு பயிற்சியில் இந்தத் தளத்தைத் திறப்பது எப்படி, கம்பியை இழுத்து இணைப்பது எப்படி என்று சொல்லித் தருவார்கள். அதைக் கற்க அரைமணி நேரம் போதும். அடுத்த நாள் வகுப்பில் ஓர் ஆசிரியர் அதைத் திரையில் ஓடவிட்டு, 'பாருங்கள், இரண்டு விளக்கும் எரிகின்றன' என்று நகர்ந்துவிடக்கூடும். இன்னொருவர், இணைப்பைக் கொடுப்பதற்கு முன் நிறுத்தி, 'எந்த விளக்கு அதிகமாக ஒளிரும்? கையை உயர்த்துங்கள்' என்று கேட்பார். மாணவர்கள் தங்கள் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே இணைப்பார். விளக்குக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை வைத்து ஒரே அளவைக் காட்டுவார். ஊகம் பொய்த்துப்போன மாணவர் அந்தப் பாடத்தை மறப்பதில்லை. கருவி ஒன்றுதான், கருவியை இயக்கும் திறனும் இருவருக்கும் ஒன்றுதான். இருவருக்கும் இடையிலான வேறுபாட்டை எந்தப் பலவுள் தெரிவு வினாவும் அளந்து சொல்லாது.

தமிழ்நாட்டில் இதற்கான மூலப்பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. 'இணையச் செயல்பாடு' என்றொரு பகுதியும் உண்டு. கணிதப் பாடநூலில் அது பல இடங்களில் ஜியோஜீப்ரா பணித்தாள்களுக்கு இட்டுச்செல்கிறது. முக்கோணத்தின் ஓர் உச்சியைப் பிடித்து இழுத்தால் சுற்றுவட்ட மையம் உள்ளேயிருந்து நழுவி வெளியே போவதைக் கண்ணால் பார்க்கலாம். கரும்பலகையில் பத்துப் படம் வரைந்தாலும் இது கிட்டாது. கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி, உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள், திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகள் என்று அரசு செலவழித்திருப்பதும் சிறிதன்று. இருந்தும், அந்த 'இணையச் செயல்பாடு' பக்கத்தைத் தேர்வுக்கு வராத பகுதி என்று புரட்டிவிட்டுப் போகும் வகுப்பறைகளே அதிகம் என்பது பள்ளிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

கருவி வந்தால் கற்றல் தானே வரும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய விலை கொடுத்த நாடு, தென் அமெரிக்காவின் பெரு. 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தின்கீழ் அங்கு லட்சக்கணக்கான மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடத்திய ஆய்வை அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 2012-இல் வெளியிட்டது. கணினிப் பயன்பாடு வெகுவாகக் கூடியிருந்தது. கணிதத்திலும் மொழியிலும் மாணவர்களின் அடைவில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. கணினியைப் பாடத்தோடு இணைக்க வேண்டிய ஆசிரியர்களுக்கு அதற்கான துணை போதுமான அளவில் கிடைத்திருக்கவில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பயிற்சித் திட்டங்களை வகுப்பவர்களின் கண்ணில் இது படுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்லலாம். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாத தமிழாசிரியர்கள் ஏராளம். பிற பாட ஆசிரியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வினாத்தாள் தயாரிக்க வேண்டுமென்றால், கையால் எழுதி, பேருந்து நிலையம் அருகில் உள்ள தட்டச்சு மையத்தில் கொடுத்து, பிழை திருத்தி வாங்கிவர வேண்டும். அந்த மையம் வானவில்லிலோ பாமினியிலோ தட்டச்சு செய்து கொடுக்கும். அதைப் பள்ளிக் கணினியில் திறந்தால், எழுத்துரு இல்லாத காரணத்தால், தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்99 விசைப்பலகை 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் வழியே வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. எழுத்துகளின் இடம் மனத்தில் பதிய ஒரு வாரம், கை பழக இரண்டு மூன்று வாரம் நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். இதைச் செய்யாமல், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு நேரே தாவுவது, கடைக்கால் போடாமல் மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது. தன் மொழியில் ஒரு பக்கம் எழுதத் தெரிந்த ஆசிரியர், தன் வகுப்புக்கு ஏற்ற பணித்தாளைத் தானே உருவாக்குவார். அது தெரியாதவர், யாரோ எவருக்கோ தயாரித்து வாட்ஸ்அப்பில் வரும் கோப்பை முன்னனுப்பிக்கொண்டுதான் இருப்பார்.

2017-இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி அளிக்கப்பட்டது. தட்டச்சு, தகவல் தேடல், சான்று காட்டுதல், பிறர் திருத்துவதை ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய அனைத்தையும் ஒரு கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முடிவில் எஞ்சியது சான்றிதழ் மட்டுமன்று. பிறர் படிக்கக்கூடிய ஒரு கட்டுரையும்தான். அத்தகைய முயற்சி தொடர்ந்திருக்க வேண்டும்.

எண்மத் தொழில்நுட்பம் என்றவுடன் தமிழ்நாட்டு ஆசிரியரின் நினைவுக்கு வருவது ஜியோஜீப்ராவும் அன்று, ஃபெட்டும் அன்று, 'எமிஸ்' தான். மாணவர் விவரம், வருகை, நலத்திட்டங்கள், இணையவழித் தேர்வுகள், ஆய்வுப் படிவங்கள் என்று பதிவேற்றத்துக்கு முடிவே இல்லை. சர்வர் வேலை செய்யாத நாளில், வகுப்பைக் கவனிப்பதா, கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தைக் கவனிப்பதா என்று திண்டாடியவர்களைக் கேட்டால் தெரியும். ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் இதை எதிர்த்துக் குரல் கொடுத்துவருகின்றன. பதிவேற்றப் பணிகளைக் குறைப்பதாக அரசும் அவ்வப்போது அறிவிக்கிறது. ஆசிரியரின் அனுபவத்தில் கணினி என்பது மேலிடத்துக்குக் கணக்குக் கொடுக்கும் பொறியாகவே அமைந்துவிட்டது. அதே திரையில், அதே கடவுச்சொல்லோடு, அதே கடைசித் தேதியோடு வரும் பயிற்சியையும் இன்னொரு படிவமாகவே அவர் நடத்துவதில் வியப்பில்லை. பதிவேற்றச் சுமையைக் குறைப்பது நிர்வாகச் சீர்திருத்தம் என்று மட்டும் கருதப்படுகிறது. ஆசிரியரின் எண்மத் திறனை வளர்ப்பதற்கான முதல் நடவடிக்கையும் அதுவே.

அண்டை மாநிலமான கேரளம் வேறு பாதையில் சென்றது. பேராசிரியர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் அங்குத் தொடங்கப்பட்டது. 2017-இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. அதன் தனித்தன்மை இரண்டு முடிவுகளில் இருக்கிறது. முதலாவது, பயிற்றுநர்கள் வெளியிலிருந்து வரவில்லை. பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே முதன்மைப் பயிற்றுநர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக இருக்கிறார். புரொஜெக்டர் எரியவில்லை என்றாலும், கணிதப் பாடத்துக்கு என்ன மென்பொருள் பொருந்தும் என்றாலும், கேட்பதற்குப் பக்கத்து வகுப்பறையில் ஆள் உண்டு. இரண்டாவது, கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. லினக்ஸ் இயங்குதளத்தைப் பள்ளிக்கு ஏற்ப வடிவமைத்து, பாடத்திட்டத்துக்கு வேண்டிய கருவிகளை அதிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். உரிமக் கட்டணம் மிச்சமானது ஒருபுறம் இருக்க, கருவியை மாற்றியமைக்கும் உரிமை தங்களிடம் இருக்கிறது என்ற எண்ணம் ஆசிரியர்களிடம் வேரூன்றியது. 2024-இல், 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி அளிக்கும் பணியைக் கேரளம் தொடங்கியபோது, அதைக் காணொலியாக்கி எல்லோருக்கும் அனுப்பிவிடவில்லை. 25 பேர் கொண்ட குழுக்களாக, மூன்று நாள், மடிக்கணினியோடு நேரில் உட்காரவைத்தது. இணையம் இவ்வளவு வளர்ந்த பிறகும் அம்மாநிலம் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது கவனிக்கத்தக்கது.

அப்படியானால் இணையவழிப் பாடங்கள் வேண்டாமா? வேண்டும். ஆனால், அவை பயிற்சியின் முற்பாதியாக மட்டும் இருக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சி பற்றி 1980-களிலேயே எழுதிய புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும், விளக்கமும் செய்துகாட்டலும் மட்டுமே உள்ள பயிற்சி வகுப்பறைக்குள் அரிதாகவே நுழைகிறது என்றும், முயன்று பார்க்கும் காலத்தில் சக ஆசிரியர் ஒருவர் உடனிருந்தால்தான் புதிய முறை நிலைக்கிறது என்றும் வாதிட்டனர். அவர்கள் பேசியது கணினியைப் பற்றியது அன்று என்றாலும், கணினிக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஏனெனில், கருவி மக்கர் செய்யும் முதல் நாளிலேயே முயற்சியைக் கைவிடுபவர்கள்தாம் அதிகம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற அமைப்பு புதிதாக உருவாக்கப்பட வேண்டியதில்லை. அருகருகே உள்ள பத்துப் பன்னிரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையம் இருக்கிறது. இணையவழிப் பாடத்தில் ஒரு கருவியைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறுவள மையத்தில் அந்தக் காணொலியை மீண்டும் போட்டுக்காட்டத் தேவையில்லை. நான்கைந்து பேராகப் பிரிந்து, அடுத்த வாரம் தாங்கள் நடத்தப்போகும் ஒரு பாடத்தை எடுத்து, அதில் மாணவர் தடுமாறும் ஓரிடத்தைக் குறித்து, அதற்கு அந்தக் கருவியைக் கொண்டு ஒரு செயல்பாட்டை அமைக்கட்டும். பள்ளியில் நடத்திப் பார்க்கட்டும். அடுத்த கூட்டத்தில், நடந்தது என்ன, நடக்காமல் போனது எது என்று பத்து நிமிடம் சொல்லட்டும். சமூக அறிவியல் ஆசிரியர், தன் ஊர் ஏரியின் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களைக் கூகுள் எர்த்தில் ஒப்பிட்டு, நீர்ப்பரப்பு எங்கே சுருங்கியது என்று மாணவர்களையே அளக்கவைக்கலாம். தமிழாசிரியருக்கு இணையம்கூட வேண்டாம். ல, ள, ழ வேறுபாட்டுக்கு மாணவரின் குரலைக் கைப்பேசியில் பதிவுசெய்து அவருக்கே போட்டுக்காட்டினால் போதும். தன் காதால் தன் பிழையைக் கேட்பதைவிடச் சிறந்த திருத்தம் இல்லை. சான்றிதழ் கொடுக்க வேண்டுமென்றால், அந்தச் செயல்பாட்டுக்கும் அதைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்புக்கும் கொடுக்கலாம். விடைக் காணொலி போட முடியாத தேர்வு அது.

இதை யார் மதிப்பிடுவது என்ற கேள்வி எழும். ஆசிரியர் பயிற்றுநர்கள் வட்டார வள மையங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பணியும் பெருமளவு புள்ளிவிவரம் சேகரிப்பதாகச் சுருங்கிவிட்டது என்பது வேறு கதை. எல்லாரையும் மதிப்பிட வேண்டியதும் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு மையத்திலிருந்தும் இரண்டு மூன்று செயல்பாடுகளை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் படித்துப் பார்த்து, சிறந்தவற்றை மற்ற மாவட்டங்களுக்கு அனுப்பினாலே போதும்.

வயதான ஆசிரியர்களால் முடியாது என்பது அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு தடை. விரல் வேகத்தில் இளையவர்கள் முந்தலாம். ஆனால், எந்தக் கணக்கில் எந்த மாணவர் எந்த வரியில் தவறுவார் என்பதை இருபத்தைந்து ஆண்டுகளாகக் கண்டவர் மூத்தவரே. மேலே சொன்ன மின்சுற்றுப் பாடத்தில், எங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். இருவரையும் ஒரே குழுவில் உட்காரவைப்பது, ஒருவருக்கு மட்டும் நன்மை தரும் ஏற்பாடு அன்று.

ஆசிரியர்கள் இதைக் கற்பதில் தாமதித்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள், 2022 நவம்பருக்குப் பிறகு வீட்டுப்பாடம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். சாட்ஜிபிடி வெளிவந்த பின், கட்டுரை எழுதிவரச் சொன்னால், கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை அரை நிமிடத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறது. தமிழ் இலக்கியம் பற்றிக் கேட்டால், இல்லாத பாடலை இருக்கும் புலவரின் பெயரில் ஏற்றிச் சொல்லவும் அந்தக் கருவிகள் தயங்குவதில்லை. பாடலும் தெரிந்து, கருவியின் இயல்பும் தெரிந்த ஆசிரியரால்தான் அதைப் பிடிக்க முடியும். பிடித்து, அந்தப் பிழையையே ஒரு பாடமாக நடத்தவும் முடியும். யுனெஸ்கோ, ஆசிரியர்களின் தகவல் தொழில்நுட்பத் திறன்களை 2018-இல் 18 கூறுகளாகவும், அறிதல், ஆழப்படுத்துதல், படைத்தல் என மூன்று நிலைகளாகவும் வகுத்தது. செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனியாக ஆசிரியர் திறன் வரைவு ஒன்றை 2024-இல் அது வெளியிட நேர்ந்தது. ஆசிரியர்களின் தகவல் தொழில்நுட்பத் திறனுக்குத் தர அளவுகோல் வைத்திருக்கும் நாடுகள் உலகில் பாதிதான் என்று அதே அமைப்பின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது.

மாணவரின் பாதுகாப்பு சார்ந்த அறிவும் இத்திறனில் அடங்கும். பள்ளி நிகழ்ச்சியின் படங்களை மாணவர்களின் முகம், பெயர், வகுப்போடு முகநூலில் போடுவது இன்று இயல்பாகிவிட்டது. 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. பயிற்சிப் பாடங்களில் இது ஓர் இணைப்பாக அல்லாமல் நடைமுறையாகக் கற்பிக்கப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கருவியும் நேரமும். 2023-24 கல்வியாண்டின் மத்திய அரசுப் புள்ளிவிவரப்படி, நாட்டின் பள்ளிகளில் செயல்படும் கணினி உள்ளவை 57 விழுக்காடு. இணைய இணைப்பு உள்ளவை 54 விழுக்காடு. மற்ற பள்ளிகளில் எண்மக் கற்பித்தல் என்பதே ஆசிரியரின் கைப்பேசியையும் அவர் கட்டும் மாதக் கட்டணத்தையும் நம்பி நிற்கிறது. நேரத்தின் நிலை இன்னும் மோசம். நாட்டின் ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். பள்ளி முடிந்த பிறகு அவர்களுக்கு இரண்டாவது வேலை நேரம் வீட்டில் தொடங்குகிறது. 'எப்போது வேண்டுமானாலும், எங்கிருந்தும் கற்கலாம்' என்று விளம்பரப்படுத்தப்படும் பயிற்சி, நடைமுறையில் இரவு எட்டரை மணிக்குச் சமையலறையில் கற்கும் பயிற்சியாகிவிடுவது இதனால்தான். வங்கி ஊழியருக்கோ மருத்துவமனைச் செவிலியருக்கோ அலுவல் நேரத்துக்குள் பயிற்சி அளிப்பதை யாரும் சலுகையாகக் கருதுவதில்லை.

வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளை ஒவ்வோர் ஆசிரியரின் கால அட்டவணையிலும் பயிற்சிக்கென ஒதுக்கலாம். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் அது இயலாது. அங்கே மாதத்துக்கு ஒரு பிற்பகல், மாற்று ஆசிரியர் ஏற்பாட்டுடன், குறுவள மையத்துக்கு அனுப்பலாம். அதற்கு ஈடாக, அந்த மாதத்தின் பதிவேற்றப் பணிகளில் எவற்றை நிறுத்திவைக்கலாம் என்று வட்டாரக் கல்வி அலுவலர் ஒரு பட்டியல் போட வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலை அவர் ஜூன் மாதத்தில், பள்ளி திறக்கும் முன்பே போட்டுவிட்டால், பிற்பகலை எந்தக் கிழமையில் வைப்பது என்பதை ஆசிரியர்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள்.